மாசக் கடைசிச் சீட்டு

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிச்சு வைங்க அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதீங்க, அந்தத் தலைப்பைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. ‘டாக்டர்களுக்கு லஞ்சம், மருந்துக் கம்பெனியில் சோதனை.’ லஞ்சமாம்ல லஞ்சம்! எழுதுதவனுக்கு என்ன தெரியும்? தாலுகா ஆபீஸ்ல மேசைக்கு அடியில நீட்டுதோம் பாருங்க, அது லஞ்சம். வயிறெரிஞ்சு குடுக்கோம், வாங்குதவன் மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டோம். நாங்க செய்யுதது அப்படியா? நாங்க பிரியமாச் செய்யுதோம். ஆமா, நாங்கதான். நானும் அந்தத் தொழில்தான், மெடிக்கல் ரெப்பு. பேரு தெய்வநாயகம், ஊரு கோவில்பட்டி. இன்னைக்கு டையும் கட்டல, பையும் எடுக்கல, அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல.

உள்ள போயிருக்கது என் வீட்டுக்காரி, பிரம்மசக்தி. நீங்க யாருக்கு வந்திருக்கீங்க? தம்பிக்கா? கல்லா? கல்லுன்னா பயப்படாதீங்க, எடுத்துருவாங்க. இவளுக்கு அப்படி இல்ல. ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல போச்சு. மிச்சமும் போச்சுன்னா வாழ்நாள் பூரா மிஷின்ல படுக்கணும். இன்னைக்கு உள்ள இருக்க டாக்டர் எழுதிக் குடுக்குத மருந்து கேட்டுதுன்னா பொழச்சுக்கிடுவா. மதுரையில கிட்னிக்கு இவரை விட்டா ஆளு இல்லைங்காங்க. நானும் கூட உள்ள போலாம்னுதான் எந்திரிச்சேன். ‘நீங்க இங்கனயே இருங்க’ன்னுட்டா. பொம்பளைங்களுக்கு டாக்டர்ட்ட தனியாச் சொல்ல ஆயிரம் இருக்கும், நாம எதுக்கு இடையில நந்தி மாதிரி?

இது எப்படி வந்துதுன்னா கேக்கீங்க? வரல அண்ணாச்சி. வர வச்சாரு. ஒரு மனுஷன் எனக்குத் துரோகம் பண்ணிட்டாரு. அதுவும் யாரு? என் சொந்தம்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்த மனுஷன்.

குலசேகரன்னு எங்க ஊர்ல எலும்பு டாக்டர். நான் போன புதுசுல என்னை உள்ளயே விட மாட்டாரு. பேஷண்டு எல்லாம் முடிஞ்சு, கதவைச் சாத்தப் போற நேரத்துல ‘ம், சொல்லும்’பாரு. நின்ன வாக்குல நாலு வார்த்தை சொல்லிட்டு வந்துரணும். அப்படிப்பட்ட ஆளை நான் மடக்கினேன் பாத்துக்கிடுங்க. மடக்கினேன்னு சொல்லப்படாது, பழகினேன். ஒருநாள் கரண்ட் போச்சு. வேர்த்து விறுவிறுத்துப் போயி உக்காந்திருந்தாரு. நான் வாயே தொறக்கல. மறுவாரம் இன்வெர்ட்டர் வந்து எறங்கிச்சு. அப்புறம் ஏசி. அதுக்குப் பெறகு நான் தலையைக் காட்டினாலே நாற்காலி காலியாயிரும். ‘வாங்க தெய்வம்’ம்பாரு. வாய் நெறையக் கூப்பிடுவாரு. கார்ல பேட்டரி போச்சுன்னாலும் தெய்வம்தான், அவரு அம்மாவுக்குக் காசிக்கு டிக்கெட் போடணும்னாலும் தெய்வம்தான். நான் ஒருநாளும் மூஞ்சியைச் சுளிச்சது கிடையாது.

அவரு மக வர்ஷிகா பெரிய மனுஷி ஆனா. டாக்டர் வீட்டம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆம்பளை கிடையாது. சீர் கொண்டுபோக ஒரு தாய்மாமன் இல்லைன்னு அழுதுச்சு அந்த அம்மா. ‘ஏன் அழுவுதீங்க, நான் எதுக்கு இருக்கேன்’னேன். சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லல. மேளதாளத்தோட, பட்டு என்ன, வெள்ளித்தட்டு என்ன, வரிசையா தட்டு தூக்கிட்டு நானும் சக்தியும் முன்னால போனோம். அந்தப் பிள்ளை எங்க ரெண்டு பேரு கால்லயும் விழுந்து எந்திரிச்சா. எனக்கும் அக்கா தங்கச்சி கிடையாது. சபையில நின்னு பொலபொலன்னு அழுதுட்டேன்.

செலவா? கம்பெனிதான். என் சம்பளத்துக்கு வெள்ளித்தட்டு ஏது? எங்க மேனேஜர் பத்மநாபன் அதை ‘மூட்டு வலிக் கருத்தரங்கு’ன்னு கணக்கு எழுதிட்டாரு. கருத்தரங்குக்கு வந்த ஒரே எலும்பு டாக்டர் பிள்ளையைப் பெத்த அப்பன், மத்ததெல்லாம் மேளக்காரங்களும் சமையல்காரங்களும். அதுக்காக நான் மாமன் இல்லைன்னு ஆயிருமா? துட்டு யாருதுன்னா என்ன, தட்டைத் தூக்கினது யாரு?

அவரும் நன்றி உள்ளவராத்தான் இருந்தாரு, இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். எங்க வலி மாத்திரையை எழுதித் தள்ளினாரு. பேரு வேண்டாம், விடுங்க, அந்தக் கம்பெனிச் சோத்தைத்தானே திங்கேன். நாங்க மருந்துக்கடையில போயி எந்த டாக்டர் எது எழுதுதாருன்னு வெசாரிச்சுக்கிட்டே இருக்கணும், அது எங்க வேலை. கடைக்காரர் என்னைக் கண்டதும் சிரிப்பாரு. ‘உங்க அத்தான் வெளுத்து வாங்குதாருய்யா. கால் சுளுக்கா, உங்க மாத்திரை. இடுப்புப் பிடிப்பா, உங்க மாத்திரை’ம்பாரு. கேக்கக் கேக்க எனக்குக் குளுகுளுன்னு இருக்கும். என்னையும் சக்தியையும் கோவாவுக்கு அனுப்பி வச்சாங்க கம்பெனியில. கடல்ல கால் நனைச்சுக்கிட்டு நின்னு, ‘டாக்டரண்ணன் நல்லா இருக்கணும்’னு சொன்னா என் வீட்டுக்காரி.

இதுல நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும். மாசக் கடைசி வந்துட்டா எங்க பொழப்பு நாய்ப் பொழப்பு. டார்கெட் முட்டலைன்னா மேனேஜர் போன்ல கிழிகிழின்னு கிழிப்பாரு. அப்போ என்ன செய்வோம்னா, வேண்டிய டாக்டர்ட்ட போயி தலையைச் சொறிவோம். அவரு சொந்தக்காரங்க பேர்ல, எங்க சொந்தக்காரங்க பேர்ல சும்மா சீட்டு எழுதித் தருவாரு. அதைக் கொண்டுபோயி கடையில குடுத்து, நாங்களே வாங்கி, வித்த கணக்குல சேத்துருவோம். மாத்திரையை யாரும் திங்கப் போறது கிடையாது. எங்க வீட்டு பீரோவுக்கு மேல ஒரு பெட்டி நெறைய அப்படிக் கெடந்துச்சு. ஊர்ல எல்லா ரெப்பும் செய்யுததுதான்.

சக்திக்கு முழங்கால் வலி வந்துச்சு. ஏற்கெனவே சர்க்கரை இருக்கு, பிரஷரும் இருக்கு. மாடிப்படி ஏற முடியல, கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல. ‘நம்ம டாக்டரண்ணன்ட்ட காட்டுவோம்’னு அவதான் சொன்னா. எனக்கும் அந்தப் பக்கம் போற வேலை இருந்துச்சு, கூட்டிட்டுப் போனேன். மாசக் கடைசி. அதை அன்னைக்கு நான் யோசிக்கல.

‘வாங்க தெய்வம், வாங்கம்மா’ன்னாரு. உக்கார வச்சாரு. ‘என்ன தெய்வம், இந்த மாசம் இடிக்குதா?’ன்னு கேட்டாரு. ‘கொஞ்சம் இடிக்கத்தான் சார் செய்யுது’ன்னேன். உள்ளதைத்தானே சொல்லணும்? சிரிச்சாரு. ‘அதுக்கென்ன, அடிச்சு விட்டுருவோம்’னு மடமடன்னு எழுதினாரு. மூணு மாசத்துக்கு, காலையும் ராத்திரியும். சக்தி சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி முழங்காலைக் காட்டப் போனா, ‘இருக்கட்டும்மா’ன்னுட்டாரு. வெளிய வந்ததும், ‘காலைத் தொட்டுக்கூடப் பாக்கலையே’ன்னா. ‘ஆயிரம் முழங்கால் பாத்தவருட்டி, ஒன் நடையிலயே கண்டுபிடிச்சிருப்பாரு’ன்னேன்.

சீட்டைப் பிரிச்சுப் பாக்கேன், முதல் வரியில எங்க மாத்திரை. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு அண்ணாச்சி. என் பொண்டாட்டிக்கே எங்க மாத்திரையை எழுதுதாருன்னா, எவ்வளவு மரியாதை! பைக்குள்ள சாம்பிள் கெடக்கத்தான் செஞ்சுது. எடுத்துக் குடுத்திருக்கலாம். ஆனா சாம்பிள் கணக்குல ஏறாதே? நேராக் கடைக்குப் போயி பில் போட்டு வாங்கினேன். அந்த மாசம் டார்கெட்டும் முட்டிருச்சு.

சாப்பிட்டா. வலி பட்டுன்னு கேட்டுச்சு, அதையும் சொல்லணும். மாடிப்படி ஏறுனா, கோயிலைச் சுத்துனா. தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா, ‘எங்க வீட்டு ஆளு கம்பெனி மாத்திரை, என்னமா கேக்கு’ன்னு. பக்கத்து வீட்டு லூர்துமேரியக்காவை அவளே கூட்டிட்டுப் போயி அதே டாக்டர்ட்ட காட்டி, அதே மாத்திரையை வாங்கிக் குடுத்தா. அவங்களா? இப்ப எப்படி இருக்காங்கன்னு தெரியலையே. நல்லாத்தான் இருப்பாங்க. ஏன் கேக்கீங்க?

ரெண்டாவது மாசம் கால் வீங்குச்சு. காலையில மூஞ்சி அதைச்சுப் போயி எந்திரிப்பா. சோத்தைக் கண்டா கொமட்டுதுன்னா. ‘இந்த மாத்திரையை நிறுத்திப் பாக்கட்டுமா?’ன்னு கேட்டா. நான்தான், ‘கோர்ஸை முழுசா முடிக்கணும், பாதியில விட்டா மறுபடி வலி வந்துரும்’னேன். டாக்டர் எழுதினதை நாம மாத்தலாமா? மாத்திரைப் பெட்டிக்குள்ள ஒரு தாள் இருக்கும், எறும்பு சைஸ் எழுத்துல. சர்க்கரை இருந்தா பாத்துக் குடுக்கணும், ரொம்ப நாள் குடுக்கக் கூடாது, அது இதுன்னு போட்டிருக்கும். எல்லாத்துலயும் போட்டிருப்பான். அதைப் படிச்சா ஒருத்தனும் ஒரு மாத்திரையும் விழுங்க மாட்டான்.

ஒருநாள் அடுப்படியில அப்படியே சரிஞ்சுட்டா. தூக்கிட்டு இங்க ஓடி வந்தோம். இந்த டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பாத்தாரு, மாத்திரை அட்டையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. ‘சர்க்கரை உள்ளவங்களுக்கு இதை இவ்வளவு நாள் குடுத்தது யாரு?’ன்னாரு. சக்தி அவரைப் பாக்கல. என்னைப் பாத்தா. ஏன் என்னைப் பாத்தான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. எழுதினது நானா?

வெறி வந்துருச்சு எனக்கு. அந்த ஏசியைக் கழட்டிக்கிட்டுத்தான் மறுவேலைன்னு நேரா அவரு கிளினிக்குக்குப் போனேன். பேஷண்டுக இருந்தாங்க, நான் பாட்டுக்குக் கதவைத் தள்ளிட்டு உள்ள போயிட்டேன். ‘சார், என் பொண்டாட்டி கிட்னி போச்சு சார், உங்க மாத்திரையால’ன்னேன். மனுஷன் பதறுவாரு, எந்திரிச்சு என் கையைப் பிடிப்பாருன்னு நெனச்சேன். அவரு என்ன கேட்டாரு தெரியுமா? ‘ஐயையோ, அவங்க அதைச் சாப்பிட்டாங்களா?’ங்காரு.

‘சாப்பிடாம? நீங்கதானே சார் எழுதினீங்க?’ன்னேன்.

‘மாசக் கடைசியில வந்தீரு. டார்கெட் இடிக்குன்னு ஒம்ம வாயால சொன்னீரு. எப்பவும் போல சீட்டு வேணும்னு வந்திருக்கீரு, பேருக்கு வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கீருன்னு நெனச்சுப் போட்டுக் குடுத்தேன். கடையில காட்டிட்டு பீரோ மேல போடுவீருன்னு பாத்தா, கொண்டுபோயி அந்தம்மாவுக்கு ஊட்டியிருக்கீரே!’

‘அவ என் பொண்டாட்டி சார்!’

‘அதைத்தான்யா நானும் சொல்லுதேன். ஒம்ம மாத்திரையை ஒம்ம வீட்டுலயே திங்கக் குடுப்பீருன்னு நான் எங்க கண்டேன்? நெஜமாவே வலிதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நல்லாப் பாத்து எழுதியிருப்பேன்லா?’

நல்லாப் பாத்து எழுதியிருப்பாராம். கேட்டீங்களா அண்ணாச்சி? சொல்லியிருக்கணுமாம்! ‘அவளுக்குச் சர்க்கரை இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா சார்’னு கத்துதேன். ‘தெரியும். ஆனா ரொம்ப நாள் குடுக்கலாம், கிட்னிக்கு ஒண்ணும் செய்யாதுன்னு படம் போட்டுக் காட்டினது யாரு? நீருதானே?’ங்காரு. ஆமா, காட்டினேன். கம்பெனியில காட்டச் சொன்னதைக் காட்டினேன். வியாபாரத்துக்கு நாலும் சொல்லத்தான் செய்வான் ரெப்பு. அதை நம்பலாமா? டாக்டருக்குப் படிச்ச மனுஷன், பி.எஸ்சி. விலங்கியல் படிச்ச என் பேச்சைக் கேட்டா மருந்து எழுதுவாரு?

என்ன கேக்கீங்க? அப்ப மத்தவங்களுக்கு அவரு எழுதினதுன்னா? அது... அது வேற அண்ணாச்சி. அவங்க பேஷண்டு. வலின்னு வாராங்க, எழுதுதாரு. அதுல நான் என்ன சொல்ல முடியும்? நான் பேசுதது உறவை. அந்தப் பிள்ளைக்கு நான் மாமன்னா, இவ அத்தையா இல்லையா? முறைக்கு அவருக்குத் தங்கச்சி ஆகணும். தங்கச்சி காலைத் தொட்டுப் பாக்கக் கூடாதா ஒருத்தன்? பேச்சை வேற எங்கயோ கொண்டு போறீங்க நீங்க.

ஏசியைக் கழட்டலையான்னா... அந்தச் சத்தத்துக்கு வர்ஷிகா உள்ள இருந்து வந்துட்டா. வீடும் கிளினிக்கும் ஒண்ணுதான். ‘மாமா, காப்பி சாப்பிட்டுப் போங்க. அத்தையைக் கூட்டிட்டு வரலையா?’ன்னு கேட்டா. அந்தப் பிள்ளை முன்னால என்ன பேச? காப்பியைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

அதோட விடல. பத்மநாபனுக்குப் போன் போட்டேன். இருபது வருஷம் இந்தக் கம்பெனிக்குச் செருப்புத் தேஞ்சிருக்கு எனக்கு. வைத்தியச் செலவுக்குக் கம்பெனி ஒரு கை குடுக்கட்டும் சார்னேன். ரொம்ப வருத்தப்பட்டாரு. லீவு எடுத்துக்கோன்னாரு. வெளிய எங்கயும் வாயை விட்டுராதேன்னாரு. அப்புறம், ‘பணம் குடுக்கலாம் தெய்வநாயகம், ஆனா எந்தத் தலைப்புல கணக்கு எழுத?’ன்னாரு. பூப்புனித நீராட்டுக்குக் கருத்தரங்குன்னு தலைப்பு கெடச்ச மனுஷனுக்கு, என் பொண்டாட்டி உயிருக்கு ஒரு தலைப்பு கெடைக்கல. வயிறு எரியுது அண்ணாச்சி. மேல சாப்பாடு போட்டவனும் கைவிட்டான், கீழ சாப்பிட்டவனும் கைவிட்டான். நடுவுல நான் ஒருத்தன், எல்லாருக்கும் நல்லவனா இருந்து கெட்டவன்.

வேலையை விட்டுட்டேனான்னா, எப்படி விட? மருந்து வாங்கத் துட்டு வேணுமே. போன வாரம்கூட அந்த டாக்டரைப் போயிப் பாத்தேன். பாக்காம? நான் பாக்க வேண்டிய லிஸ்ட்ல இருக்காரு. ‘வாங்க தெய்வம்’னாரு. வந்துட்டேன். காலையில சட்டையைத் தேச்சுக்கிட்டு நிக்கும்போது சக்தி கேட்டா, ‘அங்கயா போறீங்க?’ன்னு. ‘வேலைட்டி’ன்னேன். அன்னையிலேருந்து மாத்திரையை நான் எடுத்து நீட்டினா வாங்க மாட்டேங்கா. அவளே எந்திரிச்சுப் போயி எடுத்துக்கிடுதா. நடக்க முடியல, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறா. எனக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு நெனைக்கா போல, அப்படி ஒரு பிறவி அது.

இந்தா, கதவு திறக்கு. வந்துட்டா. சக்தி, இங்க, இங்க இருக்கேன். பையப் பைய வா. என்ன சொன்னாரு? நல்லதுதானே? கேட்டீங்களா அண்ணாச்சி, இந்த மருந்தை விட்டுராமச் சாப்பிட்டா மிஷின்ல போட வேண்டியது வராதாம்! என் குலதெய்வம் காப்பாத்திருச்சு. சீட்டைக் குடு, கீழ கடையில வாங்கிட்டு ஒரே ஓட்டமா வந்துருதேன்.

குடுட்டி. ஏன் பின்னால மறைக்க? நான் முதல்ல பாக்கணும். எல்லாத்தையும் அப்படியே வாங்கிர முடியாது, இதுல எது சீக்குக்கு எழுதினது, எது எவனோ ஒரு ரெப்புக்காக எழுதினதுன்னு பிரிக்கணும். அது எனக்குத்தானே தெரியும்? இந்த ஆஸ்பத்திரியில என்னைத் தவிர யாரு ஒனக்கு அதைச் சொல்லுவா?

எங்க போற? அவருகிட்ட எதுக்கு நீட்டுத? அவரு யாருன்னு ஒனக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது, இப்பத்தான் பேசிக்கிட்டு இருக்கோம், பேருகூட இன்னும் கேக்கல. என்னன்னு நெனைப்பாரு? நாலு பேரு பாக்காங்க சக்தி. சீட்டை எங்கிட்ட குடு. சக்தி.

வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி. என்னைப் பாக்காதீங்க, அவ நீட்டிக்கிட்டே நிக்கா பாருங்க, வாங்கிக்கிடுங்க. இந்தாங்க துட்டு. கடை கீழ எறங்கினதும் வலது கைப்பக்கம். உங்க கையால வாங்கிட்டு வந்தாத்தான் சாப்பிடுவாளாம்.